இரண்டு வெள்ளிப் பொட்டலத்துக்கு இரண்டு சிறுநீரகமா?

தோட்டத்திலே ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, புல்லுக்கு அடிக்கிற மருந்து. மற்றொன்று, உடம்புக்குச் சாப்பிடுகிற மருந்து. முதலாவது விஷம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டின்னிலே மண்டை ஓட்டுப் படம் போட்டிருப்பார்கள். மருந்து அடித்துவிட்டு வருகிற தாய், குளித்துத் துணி மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தூக்குவாள். ஆனால் இரண்டாவது மருந்திலும் விஷம் இருக்கக்கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? அந்தப் பொட்டலத்தின் மேலே மண்டை ஓடு கிடையாது. சில பொட்டலங்களில் பெயரே கிடையாது.

பாராகுவாட் என்கிற புல் மருந்து நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் என்று பல ஆண்டுகள் குரல் எழுப்பினோம். 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் அதற்குத் தடை வந்தது. நல்லது. அதே சிறுநீரகத்தை நம் வீட்டுக்குள்ளேயே, நம் கையாலேயே, நம் காசு கொடுத்தே கெடுத்துக்கொள்கிறோமே, அதற்கு எப்போது குரல் எழுப்பப் போகிறோம்? இதைத்தான் இந்த வாரம் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

பெரியப்பாவின் கதை

என் பெரியப்பா ஒருவர். இளம் வயதில் பால் மரம் சீவியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது குலை வெட்டுக்கு மாறினார். நீளக் கம்பின் முனையில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி நாள் முழுக்க வெட்ட வேண்டும். விழுகிற குலை இருபது கிலோவுக்கும் மேலே இருக்கும். அதைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கழுத்து, தோள், இடுப்பு, முட்டி என்று எல்லா இடத்திலும் வலி. இதை உங்களுக்கு நான் விளக்கவும் வேண்டுமா?

அவருக்கு நாற்பத்தைந்து வயது நடக்கும்போது கூட வேலை செய்கிறவர் ஒருவர் வழி காட்டினார். “அண்ணே, கடையிலே ரெண்டு வெள்ளிக்குப் பொட்டலம் விக்கிறான். நாலு கலர் மாத்திரை. காலையிலே பெரட்டுக்குப் போறதுக்கு முன்னே போட்டுக்கிட்டா, சாயங்காலம் வரைக்கும் வலி தெரியாது.” அப்படியே ஆயிற்று. வலி தெரியவில்லை. முதலில் வாரத்துக்கு ஒன்று. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு தினமும். பொட்டலம் போதாதபோது பசார் மாலாமில் விற்கிற முட்டிவலி ஜாமு. அதைக் குடித்த மறுநாளே பெரியப்பா மாடிப்படி ஏறுகிற வாலிபனைப் போல நடந்தார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பெரியம்மா பக்கத்து வீட்டுக்கும் ஒரு புட்டி வாங்கிக் கொடுத்தார்.

அவருக்கு இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் மாதா மாதம் மாத்திரை கொடுத்தார்கள். “அந்த மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிட்டா கிட்னி போயிடும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதை மட்டும் நிறுத்திவிட்டார். கெடுதல் செய்ததைத் தினமும் விழுங்கினார். காப்பாற்ற வந்ததைக் குப்பையில் போட்டார்.

ஐம்பத்து நாலு வயதில் கால் வீங்கியது. முகம் ஊதியது. சோறு பிடிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டரம்மா கேட்டார்:

“ஐயா, வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுவீங்களா?”

“அதெல்லாம் இல்லீங்கம்மா. சும்மா கடையிலே விக்கிற பொட்டலந்தான்.”

அந்த ‘சும்மா’ என்ற வார்த்தை இன்றைக்கும் என் காதிலே ஒலிக்கிறது. எட்டு ஒன்பது வருஷம் ஒரு மனிதர் தினமும் விழுங்கியது அவருக்கு மருந்தாகவே தோன்றவில்லை. இனிப்பு நீர், கொதிப்பு, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்து அரித்துவிட்டன என்றார் டாக்டரம்மா. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், இயந்திரத்திலே இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். குலை வெட்ட முடியாது. குலை வெட்ட முடியாதவருக்குத் தோட்டத்திலே வேலை இல்லை. வேலை இல்லாதவருக்குத் தோட்டத்திலே வீடும் இல்லை. பிறந்து வளர்ந்த லயத்தை விட்டு, பட்டணத்தில் மகள் இருக்கிற அடுக்குமாடி வீட்டின் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

பட்டணத்துக்காரன் சிறுநீரகத்தை இழந்தால் உடம்பை இழக்கிறான். தோட்டத்துக்காரன் இழந்தால் உடம்போடு வேலையையும், வேலையோடு கூரையையும் சேர்த்து இழக்கிறான். ஆகவே இது நமக்கு வெறும் வைத்தியச் சமாச்சாரம் இல்லை.

வலி மாத்திரை என்ன செய்கிறது?

சிறுநீரகம் என்பது நம் பால் ஸ்டோரில் இருக்கிற வடிகட்டியைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலை ஊற்றினால் குப்பை வலையிலே தங்கிவிடும், நல்ல பால் கீழே இறங்கும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் சின்னஞ்சிறு வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, நல்லதை எல்லாம் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிட்டு, கழிவை மட்டும் ஒன்றரை இரண்டு லிட்டர் சிறுநீராக வெளியேற்றுகின்றன.

இந்த வடிகட்டி வேலை செய்ய வேண்டுமானால், உள்ளே வருகிற இரத்தத்துக்கு ஒரு வேகம் வேண்டும். லயத்துக் குழாயிலே தண்ணீர் வேகம் குறைந்தால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வராது அல்லவா? அது மாதிரிதான். வெயிலில் வேர்த்து உடம்பில் நீர் வற்றும்போது, சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தக் குழாயை விரித்து வைப்பதற்கு உடம்பே ஒரு பொருளைச் சுரக்கிறது. டைக்ளோபெனாக், மெபெனமிக் அமிலம், ஐபுபுரோபென், நப்ரோக்சன் போன்ற வலி மாத்திரைகள் அந்தப் பொருளைத்தான் தடுக்கின்றன. பொன்ஸ்தான், வோல்ட்டரன் என்று கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறோமே, அவை இந்த வகைதான். வலியும் வீக்கமும் குறைவதற்குக் காரணம் எதுவோ, அதுவேதான் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைவதற்கும் காரணம்.

பல் வலிக்கு, சுளுக்குக்கு, டாக்டர் சொல்லி இரண்டு மூன்று நாள் சாப்பிட்டால் நல்ல உடம்புக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் வெயிலில் காய்ந்து, தண்ணீர் குடிக்காமல், தினமும் சாப்பிடுவது வேறு கதை. அதிலும் இரத்தக் கொதிப்பு மாத்திரையும், நீர் இறக்குகிற மாத்திரையும் சாப்பிடுகிறவர் மூன்றாவதாக வலி மாத்திரையையும் போட்டுக்கொண்டால், சில நாட்களுக்குள்ளேயே சிறுநீரகம் நின்றுபோகலாம். வாந்தியும் பேதியும் இருக்கிற நாளில் போட்டுக்கொண்டால் இன்னும் மோசம்.

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் பாராசித்தாமோல் இருக்கிறது. அளவோடு சாப்பிட்டால் சிறுநீரகத்துக்கு அதுவே பாதுகாப்பானது. அளவு என்றால், 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேலே கூடவே கூடாது. அதற்கு மேலே போனால் ஈரல் கெடும். தண்ணி போடுகிற பழக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதையும் தொட வேண்டாம்.

வெள்ளைக்காரன் தோட்டத்திலும் இதே கதைதான்

இதெல்லாம் நம்முடைய அறியாமையால் வந்த வினை என்று யாராவது நம்மை ஏளனம் செய்தால், அவர்களுக்குச் சுவீடன் நாட்டுக் கதையைச் சொல்லுங்கள். அங்கே ஹஸ்க்வார்னா என்று ஓர் ஊர். பெரிய தொழிற்சாலை உள்ள ஊர். 1918-இல் விஷக் காய்ச்சல் பரவியபோது அந்த ஊர் டாக்டர் ஒருவர் பினாசிட்டின் கலந்த ஒரு தூளைக் கொடுத்தார். காய்ச்சல் போனது. தூள் போகவில்லை. அதைச் சாப்பிட்டால் களைப்புத் தெரியாமல் வேலை ஓடுகிறது என்று தொழிலாளிகள் கண்டுகொண்டார்கள். பிறந்த நாளுக்குப் பரிசாகக்கூட அந்தத் தூளைக் கொடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம் முற்றியது. பின்னாளில் கணக்குப் பார்த்தபோது அந்த ஊரில் சிறுநீரகம் கெட்டுச் செத்தவர்கள் ஏராளம். 1953-இல் சுவிட்சர்லாந்து டாக்டர்கள் இருவர், வலித் தூளையும் சிறுநீரகச் சேதத்தையும் முடிச்சுப் போட்டு எழுதினார்கள். அப்படியும் அமெரிக்காவில் அந்த மருந்தை விலக்க 1983 ஆகிவிட்டது.

பார்த்தீர்களா? படித்த நாடு, பணக்கார நாடு. அங்கேயும் தொழிலாளி வேலையின் வேகத்துக்கு ஈடு கொடுக்கத்தான் தூளைத் தின்றான். நாட்டுக்கு நாடு தூளின் பெயர்தான் மாறுகிறது. காரணம் மாறவில்லை.

இன்னும் கிட்டத்தில் ஒரு செய்தி. மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர், நிக்கராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் இனிப்பு நீரும் கொதிப்பும் இல்லாத வாலிபத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் கெட்டு மாண்டிருக்கிறார்கள். கொளுத்தும் வெயிலில், தண்ணீரும் ஓய்வும் இல்லாமல் வெட்டுக் கணக்குக்குக் கூலி வாங்குகிற வேலைதான் முக்கியக் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் பெரும்பாலோர் கருதுகிறார்கள். வலி தாங்க அவர்கள் விழுங்கிய மாத்திரையும் சேதத்தைக் கூட்டியிருக்கலாம் என்கிறார்கள். அங்கே இப்போது ‘தண்ணீர், ஓய்வு, நிழல்’ என்ற மூன்று சொல்லை வைத்து வேலை முறையை மாற்றி வருகிறார்கள். அந்த மூன்று சொல்லும் நமக்கும் பொருந்தும்.

ஜாமு, லேகியம், சூரணம்

இனி பசார் மாலாமுக்கு வருவோம். ஒரு மருந்து ஒரே நாளில் முட்டிவலியை மாயமாக்கினால் நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம். உண்மையில் அப்போதுதான் பயப்பட வேண்டும். வேரும் இலையும் அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. நம் நாட்டு அதிகாரிகள் பறிமுதல் செய்து சோதித்த பல ஜாமுகளில் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு மருந்தும், வலி மாத்திரைத் தூளும் கலந்திருந்தது தெரியவந்திருக்கிறது. ஸ்டீராய்டு உள்ளே போனால் பசி எடுக்கும், முகம் உருண்டையாகும், உடம்பு தேறியது போல இருக்கும். உள்ளே இனிப்பு நீரும் கொதிப்பும் ஏறும். இரண்டும் சிறுநீரகத்தின் எதிரிகள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. இப்படிப்பட்ட ஜாமுவை மாதக்கணக்கில் குடித்தவர்கள், இதைப் படித்த பயத்திலே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்து வரலாம். புட்டியையும் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

“அப்படியானால் நம் நாட்டு மூலிகை?” என்று பெரியவர்கள் கேட்பீர்கள். நம் பாட்டி வைத்தியத்தை நான் பழிக்க வரவில்லை. சுக்கும் மிளகும் ஓமமும் நம் வீட்டுச் சொத்து. ஆனால் ‘இயற்கை என்றால் கெடுதலே இல்லை’ என்கிற பேச்சைத்தான் நான் மறுக்கிறேன். அரளி விதையும் இயற்கைதானே!

ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி என்ற இரண்டும் நம் நாட்டு வைத்தியத்தில் பெயர் பெற்றவை. பூச்சிக்கும் பாம்புக் கடிக்கும் சொல்லுவார்கள். அந்த இனச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. அது சிறுநீரகத்தைச் சுருங்க வைக்கும். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடம்பு இளைக்க ஒரு கிளினிக்கில் மூலிகை மருந்து சாப்பிட்ட பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டுப் போனார்கள். ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அந்த இன மூலிகை மாறி வந்துவிட்டதே காரணம். மருந்தை நிறுத்திய பிறகும் பலருக்குச் சேதம் நிற்கவில்லை. ‘உடம்பு குறைய கஷாயம்’ என்று கைப்பேசியில் விளம்பரம் பார்த்து வாங்குகிற நம் தங்கைமார்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பற்பம், செந்தூரம் என்பவற்றில் பாதரசமும் ஈயமும் சேர்வதுண்டு. 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. முறையாகப் படித்த வைத்தியரிடம் போவது வேறு. கோயில் திருவிழாவில் கடை போட்டு, இனிப்பு நீரை நாற்பது நாளில் அடியோடு போக்குவதாகக் கூவுகிறவரிடம் வாங்குவது வேறு.

பாதரசம் வாய் வழியாகத்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. முகம் வெளுக்கப் பூசுகிற கிரீம்களில் பாதரசம் இருப்பது நம் நாட்டில் பல தடவை பிடிபட்டிருக்கிறது. தோல் வழியாக இறங்கி, சிறுநீரகத்திலே புரதம் ஒழுகச் செய்யும். நம் பெண் பிள்ளைகளின் நிறத்தில் என்ன குறை? கறுப்பு நிறத்தோடு காடு வெட்டி நாடாக்கிய இனம் நாம்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். ஜெரிங் காயை நிறையத் தின்றால் அதிலுள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தில் கல்லைப் போலப் படிந்து, சிறுநீர் அடைத்துக்கொள்ளும். பெலிம்பிங் பெசி என்கிற நட்சத்திரப் பழம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு விஷம். விக்கல் எடுத்து, புத்தி தடுமாறி, உயிர் போனதும் உண்டு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ‘சத்து’ என்று நோனி சாற்றையும் இளநீரையும் ஊற்றிக் கொடுப்பதும் ஆபத்து. அவற்றில் உள்ள பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

நம் மக்களிடையே பரவியிருக்கிற வதந்திகளிலேயே மிகக் கொடியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: “இனிப்பு நீர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்.” என் பெரியப்பாவைப் படுக்க வைத்ததில் இந்த ஒரு வரிக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் நாட்டில் இன்றைக்கு 50,000 பேருக்கு மேல் டயாலிசிஸில் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரணம் நீரிழிவு நோய். அதாவது, கெடுப்பது இரத்தத்தில் ஏறிய இனிப்பு. மாத்திரை அந்த இனிப்பைக் குறைக்கிறது. சில கொதிப்பு மாத்திரைகளும், புதிதாக வந்திருக்கிற சில இனிப்பு நீர் மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் காப்பதற்காகவே கொடுக்கப்படுகின்றன.

பின்னே இந்த வதந்தி எங்கிருந்து வந்தது? மெட்பார்மின் என்ற மாத்திரையைப் பல காலம் சாப்பிட்டவருக்கு, சிறுநீரகம் பலவீனமானதும் டாக்டர் அதைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். சிறுநீரகம் கழிக்க முடியாமல் மருந்து உடம்பிலே தேங்கும் என்பதால் அப்படிச் செய்கிறார். இதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், “பாத்தியா, மாத்திரையாலேதான் கிட்னி போச்சு, அதான் டாக்டரே நிறுத்திட்டாரு” என்று முடிவு கட்டிவிடுகிறார். தீயணைக்க வந்தவனைப் பார்த்துத் தீ வைத்தவன் என்று சொல்கிற கதை இது.

தொழிலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை

இவ்வளவும் எழுதிவிட்டு, “ஆகவே தொழிலாளர்களே, மாத்திரை சாப்பிடாதீர்கள்” என்று உபதேசம் செய்து முடித்தால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். பெரியப்பா ஆசைக்காகவா மாத்திரை சாப்பிட்டார்? குலைக் கணக்குக்குக் கூலி. ஒருநாள் படுத்தால் அந்த நாள் கூலி போகுமே என்ற பயம். வரவு நாள் குறைந்தால் கிடைக்கிற சலுகையும் போகுமே என்ற கவலை. வலியோடு வேலைக்குப் போகிறவனுக்கு மாத்திரை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்த வழி.

ஆனால் சட்டம் வேறு வழியும் வைத்திருக்கிறது. தீபகற்பத்தில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு நோய் விடுமுறை உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 18 நாள். ஐந்து ஆண்டுக்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை. இது யாரும் போடுகிற பிச்சை இல்லை. இருபது வருஷம் வேலை செய்தும் ஒரு நாள்கூட எம்.சி. எடுக்காததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பெருமையை யார் மெச்சினார்கள்? வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தபோது அந்த இருபது வருஷம் கணக்கில் வந்ததா?

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், தொழிலாளியின் உடல்நலத்தைக் காக்கும் கடமையை முதலாளியின் தோளில்தான் வைத்திருக்கிறது. வெட்டுக்காட்டுக்கு லாரி உரம் கொண்டுபோகிறது, தள்ளுவண்டி கொண்டுபோகிறது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோக இடமில்லையா? உச்சி வெயிலில் அரைமணி நேரம் உட்கார ஒரு தகரக் கூரை போட முடியாதா? ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் ஆஸ்பத்திரி இருந்தது, டிரசர் இருந்தார். அவரிடம் ஆயிரம் குறை சொன்னாலும், எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது அவருக்குத் தெரியும். இன்றைக்குப் பல இடங்களில் அவரும் இல்லை. அந்தக் காலி இடத்தில்தான் கடைக்காரர் டாக்டராகிவிட்டார்.

கடைக்காரர்களையும் கேட்கிறேன். பாராசித்தாமோல் போன்ற சாதாரண மருந்தைத் தவிர, மேலே சொன்ன வலி மாத்திரைகள் மருந்தகத்தில் மருந்தாளரோ, கிளினிக்கில் டாக்டரோ பார்த்துக் கொடுக்க வேண்டியவை. பெயரும் தேதியும் இல்லாமல் பிளாஸ்டிக் பையில் கலந்து கட்டி, அரிசி பருப்போடு விற்பது சட்டவிரோதம். பற்றுக் கணக்கில் நம்மை நம்பிக் கடன் கொடுக்கிறவர் நம் உயிரோடு விளையாடலாமா?

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, நாற்பது வயது தாண்டியவர்களும், இனிப்பு நீர், கொதிப்பு உள்ளவர்களும் வருஷத்துக்கு ஒரு தடவை இரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும், சிறுநீரில் புரதத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். பொட்டலத்தின் விலையில் பாதி. சிறுநீரகம் பெரும்பகுதி கெடுகிற வரை வலிக்காது. நுரைத்த சிறுநீரும் கால் வீக்கமும் வந்த பிறகு போனால் காலம் கடந்திருக்கும்.

இரண்டாவது, டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை, ஜாமு, லேகியம், சத்துப் பவுடரையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். திட்டுவாரோ என்று ஒளிக்காதீர்கள். மலாயில் பேச வராவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூட்டிப்போங்கள்.

மூன்றாவது, எந்த மருந்தை வாங்கினாலும் பெட்டியில் ‘மால்’ என்று தொடங்குகிற பதிவு எண்ணும், மினுங்குகிற பாதுகாப்பு ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தொடாதீர்கள். எண் இருந்துவிட்டால் மட்டும் எதுவும் தின்னலாம் என்று அர்த்தமில்லை. போலி எண்ணும் உண்டு. ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

நான்காவது, வேலைக்குப் போகும்போது தண்ணீர்ப் புட்டியை மறக்காதீர்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அவ்வப்போது குடியுங்கள். தேத்தண்ணியும் கலர் தண்ணியும் தண்ணீருக்கு ஈடாகாது. சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவுக்குள் குடிக்க வேண்டும்.

ஐந்தாவது, சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று தெரிந்தால் மனம் உடைந்து வீட்டில் முடங்காதீர்கள். சொக்சோ என்கிற பெர்க்கெசோவில் சந்தா கட்டியவர்களில் தகுதி உள்ளவர்களுக்கு டயாலிசிஸ் உதவியும், வேலை செய்ய முடியாதவருக்கு ஓய்வூதியமும் உண்டு. 60 வயதுக்கு முன்பே மனுச் செய்ய வேண்டும். சங்கக் கிளையில் கேளுங்கள். தெரியவில்லை என்றால் தெரிந்தவரைக் கேட்டுச் சொல்வதும் அவர்கள் வேலைதான்.

இன்றைக்குத் தோட்டங்களில் நம்மவர்கள் குறைந்துவிட்டார்கள். பக்கத்து அறையில் இந்தோனேசியரும் வங்காளதேசத்துப் பையனும் இருக்கிறார்கள். அவர்களும் அதே கடையில் அதே பொட்டலத்தைத்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். வலிக்கு இனம் இல்லை.

பெரியப்பா இப்போதும் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் இயந்திரத்துக்குப் போய் வருகிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். அவர் பழைய தோட்டத்திலிருந்து அவரைப் பார்க்க ஓர் இளைஞன் வந்திருந்தான். குலை வெட்டுகிறவன். இருபத்தெட்டு வயதிருக்கும். பேசிக்கொண்டிருந்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தான். பெரியப்பா ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன தன் கையை நீட்டினார்.

“குடு தம்பி அத இப்படி.”

அவன் கொடுத்தான். பெரியப்பா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். “நாளைக்கு எம்.சி. போட்டுட்டு கிளினிக்குக்குப் போ” என்றார். அவன் போனானா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் போவீர்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பகுதியை இன்றைக்குச் சாயங்காலம் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பெயரில்லாத பொட்டலம் ஏதாவது இருக்கிறதா?